டிசைன் பண்ணித் தர்றோம்னு சொல்றவங்ககிட்ட போறதுக்கு முன்னாடி

முதல்லயே என் கட்சி எதுன்னு சொல்லிடறேன். நாலு எல்இடி மின்னணும், அதுக்கு ஒரு சின்ன பிசிபி வேணும்னா, அதை வரையற வேலைக்கு அடுத்தவங்களுக்குக் காசு கொடுக்காதீங்க. பலகையைத் தயாரிக்கிறதுக்குக் கொடுங்க, தப்பே இல்ல. செம்பு ஒட்டின தகட்டை நாம யாரும் வீட்ல செய்யப் போறதில்ல. ஆனா எந்தக் கம்பி எங்க போகணும், சுவிட்ச் எந்தப் பக்கம் வரணும்னு முடிவு பண்ற வேலை இருக்கு பாருங்க, அதை வித்துடாதீங்க.

இதை ஏன் இப்ப எழுதறேன்னா, ஃபைனல் இயர் பசங்களுக்கு இது சீசன். சேலம், கோயம்புத்தூர், சென்னைன்னு எங்க பார்த்தாலும் ப்ராஜெக்ட் சென்டர் போர்டு. "ஐஈஈஈ ப்ராஜெக்ட் செய்து தரப்படும்"னு ஃப்ளெக்ஸ். உள்ள போனா ஒரு மெனு கார்டே கொடுப்பாங்க. பரோட்டா கடையில கூட என்ன எண்ணெய்னு கேட்கிறவன், இங்க வந்து எதுவும் கேட்காம காசு கட்டிட்டுப் பெட்டியை வாங்கிட்டு வர்றான். வைவா அன்னிக்கு எக்ஸ்டர்னல் வந்து "இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பா?"ன்னு கேட்டா, கரண்ட்டைக் குறைக்க சார். எவ்வளவு குறைக்க? அமைதி. :-)

நான் கிளியூர்க்காரன். ஏற்காடு ஏரி நிரம்பி வழியற தண்ணிதான் எங்க பக்கம் அருவியா விழுது, அந்தக் கிளியூர். இங்க டிசம்பர், ஜனவரியில சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிச்சுன்னா பத்தடிக்கு முன்னாடி நிக்கிற ஆள் தெரியாது. காப்பிப் பழம் பறிக்கிற சீசனும் அதே நேரம்தான். எஸ்டேட்ல வேலை முடிச்சு ரோட்டோரமா வரிசையா நடந்து வர்றவங்க மேல பெரும்பாலும் கருநீல ஸ்வெட்டர், இல்லன்னா சாம்பல் கலர் கம்பளி. பின்னாடி டூரிஸ்ட் கார். இருபது ஹேர்பின் வளைவைத் தாண்டி மேல வந்த சந்தோஷத்துல ஓட்டிட்டு வருவாங்க. அதனால முதுகுல, இல்லன்னா கூடையில மாட்டிக்கிற மாதிரி ஒரு சிவப்பு மின்னும் விளக்கு செய்யலாம்னு நாங்க நாலு பேர் முடிவு பண்ணினோம். நெட்ல சைக்கிள் விளக்கு ரெடிமேடா கிடைக்குதேன்னு கேட்பீங்க. கிடைக்குது. நாங்க பார்த்ததுல பாதி, பட்டன் செல்லுல ஓடுது. அந்த செல் தீர்ந்தா எங்க ஊர் பெட்டிக்கடையில கிடைக்காது. மீதி பாதிக்கு யுஎஸ்பி சார்ஜ். கரண்ட் போயிட்டா மரம் விழுந்த இடத்தைக் கண்டுபிடிச்சுச் சரி பண்றவரைக்கும் அதுவும் கிடையாது. பெட்டிக்கடையில எப்பவும் கிடைக்கிறது பென் டார்ச் செல், அதாவது ஏஏ செல்.

இந்த ஒரு விஷயம்தான் மொத்த பலகையையும் முடிவு பண்ணுது. எப்படின்னு சொல்றேன், ஏன்னா என் வாதமே இதுலதான் இருக்கு.

சிவப்பு எல்இடி எரிய சுமார் 2 வோல்ட் வேணும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம். ரெண்டு செல் போட்டா புதுசுல 3 வோல்ட். செல் கொஞ்சம் இறங்கினதும் வெள்ளை எல்இடி செத்துடும், சிவப்பும் தடுமாறும். மூணு செல் போட்டா 4.5 வோல்ட், சிவப்புக்குத் தாராளம். பனியில சிவப்பும் மஞ்சளும் ஊடுருவிப் போகும், வெள்ளை போகாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது அவ்வளவா சரியில்ல. பனித்துளியோட விட்டம் பொதுவா பத்து மைக்ரான் அளவுல இருக்கும், சிவப்பு ஒளியோட அலைநீளம் ஒரு மைக்ரானுக்கும் கீழ. அவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நாங்க சிவப்பை எடுத்ததுக்குக் காரணம் வேற. பின்னாடி சிவப்பு தெரிஞ்சா பிரேக் அடிக்கணும்னு டிரைவரோட காலுக்கே தெரியும். ரெண்டாவது, சொன்ன மாதிரி, 2 வோல்ட் போதும்.

அடுத்தது, இருட்டுல, குளிர்ல விறைச்ச கையால செல்லை மாத்தறவங்க தலைகீழா போடுவாங்க. கண்டிப்பா போடுவாங்க. அதனால செல்லுக்கு அடுத்து ஒரு ஷாட்கி டயோட். அது 0.3 வோல்ட் சாப்பிடும், சாப்பிட்டுட்டுப் போகட்டும். மின்ன வைக்க 555. 1971ல ஹான்ஸ் கேமன்ஸிண்ட் வடிவமைச்ச அதே ஐசி, இன்னும் எல்லா லேபிலயும் இருக்கு. ஆனா லேபில கிடக்கிற பழைய வகை என்ஈ 555க்கு டேட்டாஷீட்படி குறைஞ்சது 4.5 வோல்ட் வேணும். எங்க செல் புதுசுலயே அவ்வளவுதான். டயோடைத் தாண்டி வந்தா அதுவும் இல்ல. அதனால சிமாஸ் வகை 7555. ரெண்டு, மூணு வோல்ட்லயும் ஓடும். சாதாரண இணைப்புல 555 ஓட அவுட்புட் பாதி நேரத்துக்கு மேல மேலேயே நிக்கும். எங்களுக்குக் கால் நொடி எரிஞ்சு முக்கால் நொடி அணைஞ்சா போதும், செல் மிச்சம். அதுக்கு இன்னொரு சின்ன டயோட். சிமாஸ் 555 கரண்ட்டைத் தள்றதுல கொஞ்சம் சோப்ளாங்கி, அதனால எல்இடிகளை ஓட்ட ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர். ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியா 270 ஓம். 4.5ல இருந்து டயோடுக்கு 0.3, எல்இடிக்கு 2, டிரான்சிஸ்டருக்கு 0.2 கழிச்சா மிச்சம் 2 வோல்ட். அதை 270ஆல் வகுத்தா ஏழு மில்லிஆம்பியர் சொச்சம். நாலு எல்இடிக்கு 30. கால்வாசி நேரம்தான் எரியுதுங்கறதால சராசரி எட்டுக்குள்ள. 2000 மில்லிஆம்பியர் மணி கொள்ளளவு இருக்கிற ஆல்கலைன் செல்லுன்னா கணக்குப்படி 250 மணி நேரம். கடைசிப் பகுதியில மங்கும்னு வெச்சு பாதியைக் கழிச்சாலும் தினம் ரெண்டு மணி நேரம் வீதம் ரெண்டு மாசம், ஒரு பறிப்பு சீசனுக்குக் கிட்டத்தட்ட சரியா இருக்கும்.

போரடிச்சிருந்தா மன்னிக்கணும். ஆனா இதுல எது கடினம் சொல்லுங்க? கூட்டல், கழித்தல், வகுத்தல். பிளஸ் டூ பிசிக்ஸ் கூட முழுசா வேண்டாம், ஓம் விதி போதும். ஆனா பெட்டிக்கடையில எந்த செல் கிடைக்கும், எத்தனை மணிக்குப் பனி இறங்கும், யாரோட கை விறைச்சிருக்கும்... இதெல்லாம் நகரத்துல ஏசி ரூம்ல உட்கார்ந்து டிசைன் பண்றவருக்குத் தெரிய வாய்ப்பில்ல. தெரியாதது அவர் குத்தமும் இல்ல. நாம சொன்னாத்தானே தெரியும்? நமக்கோ, வரைய உட்கார்ந்தாத்தான் சொல்லணும்னே தோணுது. சுவிட்சை பலகையோட எந்த ஓரத்துல வைக்கிறதுன்னு மவுஸைப் பிடிச்சுட்டு யோசிச்சப்பதான், கூடையில மாட்டினா கீழ்ப்பக்கம் கை போகாதேன்னு எங்க டீம்ல ஒருத்தனுக்கு உறைச்சது. வேலையை வெளிய கொடுத்திருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

வெளிய கொடுத்தா என்ன ஆகும்னு பக்கத்து பெஞ்சுலயே பார்த்தேன். வகுப்புல இன்னொரு டீம் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு எல்இடி விளக்கு. ஒரு சென்டர்ல (பேர் வேண்டாம்) டிசைனுக்கு மட்டும் 3,500 ரூபாய் கட்டினாங்க. பலகை பளபளன்னு வந்துச்சு. எரிய விட்டா நாலு எல்இடியில ஒண்ணு பிரகாசம், ரெண்டு சுமார், ஒண்ணு அழுது வடியுது. திருப்பிப் பார்த்தா நாலையும் இணையா கட்டி, நாலுக்கும் சேர்த்து ஒரே ஒரு ரெசிஸ்டர். ஒரே பாக்கெட்ல வந்த எல்இடியா இருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு வோல்டேஜ்ல சின்ன வித்தியாசம் இருக்கும். குறைஞ்ச வோல்டேஜ் உள்ளது கரண்ட்டை அள்ளிக்கும். அதனாலதான் ஆளுக்கு ஒரு ரெசிஸ்டர்னு முதல் பாடமே. மூணு ரெசிஸ்டரோட விலையைச் சேர்த்தா ஒரு டீ காசு கூட வராது. சரி, மாத்திக் கொடுங்கன்னு போனா, "அது தனி சார்ஜ் தம்பி". சரி, ஃபைலையாவது கொடுங்க நாங்களே மாத்திக்கிறோம்னா, கையில கொடுத்தது கெர்பர் ஃபைல்.

கெர்பர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பலகைத் தொழிற்சாலை படிக்கிற படம் அது. இந்த லேயர்ல இங்க செம்பு, இங்க பச்சை மேல்பூச்சு, இங்க எழுத்து, அவ்வளவுதான். துளைகளுக்குத் தனியா ஒரு ஃபைல். இது ரெசிஸ்டர், இது இதோட சேரணும்ங்கற அறிவு பொதுவா அதுல இருக்காது. இட்லியைக் கொடுத்து மாவாக்கச் சொல்ற மாதிரிதான், கெர்பரை வெச்சு டிசைனைத் திருத்தறது. அந்த டீம் கடைசியில முதல்ல இருந்து வரைஞ்சாங்க. ரெண்டு நாள்ல முடிச்சுட்டாங்கங்கறதுதான் வயித்தெரிச்சல்.

(ஒரு துணுக்கு. ஜோசப் கெர்பர் வியன்னாவுல பிறந்தவர். நாஜிகள்கிட்ட இருந்து தப்பிச்சு 1940ல அமெரிக்கா போனவர். அச்சிட்ட சர்க்யூட்டை ஒரு ரேடியோவுல செஞ்சு காட்டின பால் ஐஸ்லரும் வியன்னாக்காரர்தான், அவரும் யூதர்தான். 1936ல லண்டனுக்குப் போனவர். ஒரே ஊர்ல இருந்து விரட்டப்பட்ட ரெண்டு பேரோட வேலை இன்னிக்கு நம்ம எல்லாரோட பாக்கெட்லயும் இருக்கு.)

வரையறதுக்கு சாஃப்ட்வேர் விலை அதிகம்ங்கறது பழைய கதை. கீகேட் இருக்கு. 1992ல பிரான்ஸ்ல ழான் பியர் ஷாரா ஆரம்பிச்சது. 2013ல இருந்து ஜெனிவா பக்கத்துல இருக்கிற செர்ன் ஆராய்ச்சிக்கூடமும் கைகொடுத்தது. இலவசம், சுதந்திர மென்பொருள், இத்தனை லேயர்தான், இத்தனை சதுர சென்டிமீட்டர்தான்னு பூட்டு கிடையாது. எங்க சீனியர்கள் ஈகிள்தான் கத்துக்கிட்டாங்க. நல்ல சாஃப்ட்வேர்தான். 1988ல வந்தது, 2016ல ஆட்டோடெஸ்க் வாங்கினது, 2026 ஜூன் 7 தான் கடைசி நாள்னு 2023ல அறிவிப்பு வந்தது. இருபது வருஷம் அதுலயே வரைஞ்சவங்களோட நிலைமையை நினைச்சுப் பாருங்க. கத்துக்கிறதே கத்துக்கிறோம், நாளைக்கு யாரும் கடையைச் சாத்த முடியாத ஒண்ணைக் கத்துக்குவோமே.

இந்த சைஸ் பலகைக்கு என்ன தெரியணும்? ரொம்பக் கம்மி. தொழிற்சாலைகள் சாதாரணமா தர்றது 1.6 மி.மீ. தடிமன் கண்ணாடி இழைத் தகடு, அதுல 35 மைக்ரான் செம்பு. எங்க 30 மில்லிஆம்பியருக்கு தலைமுடி மாதிரி கோடு போதும். இருந்தாலும் இடம் இருக்கே, அரை மி.மீ. போட்டுட்டோம். செல் ஹோல்டர் உட்கார்ற இடத்துல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அங்க வர்றது கரண்ட் பிரச்சினை இல்ல, கை பிரச்சினை. செல்லை அழுத்தி அழுத்திப் போடும்போது செம்பே பிச்சுக்கும், அதனால பெரிய பேட், துளைக்குள்ள போற கால். ரெசிஸ்டரெல்லாம் 1206 சைஸ். கண்ணாலயும் சாதாரண சால்டரிங் அயர்னாலயும் சமாளிக்கலாம். அதுக்கும் சின்னதுக்குப் போகாதீங்க, தும்மினா காணாம போயிடும். அப்புறம் டிஆர்சி, அதாவது சாஃப்ட்வேரே தப்பு தேடற வசதி. அதை ஓட்டாம ஃபைலை அனுப்பறவனுக்கு என்ன நடந்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

எல்லாத்தையும் விட உருப்படியான யோசனை ஒண்ணு இருக்கு, காசே கிடையாது. பலகையை நூறு சதவீத அளவுல பேப்பர்ல பிரிண்ட் எடுங்க. அட்டையில ஒட்டுங்க. வாங்கி வெச்சிருக்கிற ஐசி, சுவிட்ச், செல் ஹோல்டர் எல்லாத்தையும் அது மேல குத்தி உட்கார வெச்சுப் பாருங்க. கால் எங்க இடிக்குது, எது தலைகீழன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின சுவிட்சும் சாஃப்ட்வேர் லைப்ரரியில இருக்கிற சுவிட்சும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா ஒரே ஆள் இல்ல.

இங்க ஒரு கட்சி, "எதுக்கு தொழிற்சாலை? வீட்லயே ஃபெரிக் குளோரைடுல போட்டு எடுத்துடலாமே"ம்பாங்க. பளபள பத்திரிகைத் தாள்ல லேசர் பிரிண்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டி வெச்சுத் தேய்ச்சு, கரைசல்ல ஆட்டி... ஜாலியான வேலைதான், ஒரு தடவை எல்லாரும் பார்க்கணும். ஆனா முடிஞ்சப்புறம் அந்தப் பழுப்புத் தண்ணியை எங்க கொட்டுவீங்க? அதுல கரைஞ்சிருக்கிறது செம்பு. மீனுக்கும் பாசிக்கும் விஷம். சமவெளியில சாக்கடையில ஊத்திட்டு மறந்துடறாங்க, அதுவும் தப்புதான். கிளியூர்ல மறக்க வழியே இல்ல. எங்க வீட்டு முற்றத்துல ஊத்தினா ஓடை, ஓடை போனா அருவி, அருவிக்குக் கீழ டூரிஸ்ட் வாயைத் திறந்துட்டுக் குளிச்சுட்டிருப்பார். அதனால இந்த விஷயத்துல நான் தொழிற்சாலைக் கட்சி. கழிவைச் சுத்திகரிக்க வேண்டிய பொறுப்பாவது அவங்களுக்குச் சட்டப்படி இருக்கு.

தொழிற்சாலைக்கும் பஞ்சமில்ல. காந்திநகர்ல பிசிபி பவர், பெங்களூர்ல லயன் சர்க்யூட்ஸ்னு நெட்லயே ஃபைலை ஏத்தி விலை பார்க்கிற இடங்கள் இருக்கு. சீனக் கம்பெனிகள்ல பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள்ள இருந்தா அஞ்சு பலகை சில டாலர்தான். பார்த்ததும் வாயைப் பிளக்காதீங்க, கூரியரையும் சுங்கத்தையும் சேர்த்துட்டு அப்புறம் பிளங்க. வகுப்புல அஞ்சாறு டீம் சேர்ந்து ஒரே பார்சலா வரவழைச்சா கணக்கு மாறும்.

"உனக்கு நேரம் இருக்குடா, எங்களுக்கு பிளேஸ்மென்ட், அரியர்"னு சொல்ற மச்சிகளுக்கு. நியாயம். டிசைனை வெளிய கொடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. 230 வோல்ட் மெயின்ஸ்ல நேரா மாட்டற விளக்குன்னா தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க, அங்க ரெண்டு கோட்டுக்கு நடுவுல விடற இடைவெளி உயிர் சமாச்சாரம். ஆன்டெனா இருக்கிற பலகையும் அப்படித்தான், அது வேற வித்தை. ஆனா கொடுத்தா, காசு கட்டறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. சர்க்யூட் படம், திருத்தக்கூடிய மூல ஃபைல், பொருள் பட்டியல், கெர்பர், இந்த நாலும் எனக்கு வேணும்னு. மழுப்பினா எழுந்து வந்துடுங்க. வீடு கட்டிக் கொடுத்துட்டு பிளானை மட்டும் தர மாட்டேன்னு சொல்ற மேஸ்திரியை யாராவது ஒத்துக்குவாங்களா?

கொஞ்சம் பெரிசாவும் யோசிச்சுப் பார்க்கிறேன். 2025 மார்ச்ல மத்திய அரசு எலக்ட்ரானிக் உதிரிபாகத் தயாரிப்புக்குன்னு 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே வருஷம் அக்டோபர்ல முதல் கட்டமா 7 திட்டங்கள் தேர்வாச்சு, அதுல 5 தமிழ்நாட்டுல. பல அடுக்கு பிசிபி தயாரிப்பும் அதுல உண்டு. சந்தோஷம்தான். பலகை அடிக்கிற மெஷின் நம்ம ஊருக்கு வருது. அந்த மெஷினுக்குக் கொடுக்கிற ஃபைலை யார் வரையப் போறாங்க? மெனு கார்டு பார்த்து ப்ராஜெக்ட் வாங்கின நாமளா? வேலைக்கு ஆள் எடுக்க வர்றவங்க இந்தக் கேள்வியை நாசூக்கா கேட்க மாட்டாங்க. லேப்டாப்பைத் திருப்பி வெச்சு "வரைஞ்சு காட்டு"ம்பாங்க.

எங்க பலகை 60க்கு 25 மி.மீ. இன்னும் ஆர்டர் போடல, அட்டை மேல குத்திப் பார்க்கிற கட்டத்துல இருக்கு. பனி ஈரம் ஏறாம இருக்க மேல ஒரு கோட்டிங் அடிக்கணும், எதுன்னு டீமுக்குள்ள சண்டை ஓடிட்டிருக்கு. எழுத்தை மட்டும் முடிவு பண்ணிட்டோம். 2023ல வந்த கீகேட் 7ல இருந்து கம்ப்யூட்டர்ல இருக்கிற எந்த ஃபான்ட்டையும் பலகையில போடலாம், தமிழும் ஒழுங்கா வருது. கொம்பு, சுழி எதுவும் சிதறல. அதனால செல் போடற இடத்துல "மொட்டு இந்தப் பக்கம்"னு வெள்ளை மையில தமிழ்லயே. முதல்ல ஒரு மி.மீ. உயரத்துல வெச்சுப் பார்த்தோம். அந்த சைஸ்ல தொழிற்சாலை அச்சடிச்சா "ட்"டுக்கு மேல இருக்கிற புள்ளியும் "இ"யோட சுழியும் அப்பிடும். இப்ப ரெண்டரை மி.மீ., தடிமனான ஃபான்ட். அதுக்கு இடம் விட ரெண்டு ரெசிஸ்டரைத் தள்ளி வெச்சாச்சு.